தமிழில் ஒரு ஜெபம்

மூன்றாவது பாட்டை எடுத்தபோது பேராசிரியர் சற்குணத்துக்கு இன்னும் பதினேழு நிமிடம் மிச்சமிருந்தது. நிகழ்ச்சித் தாளில் அப்படித்தான் கண்டிருந்தது. இந்த வெள்ளைக்காரர்கள் தாளில் கண்டதை மீறமாட்டார்கள்; பாளையங்கோட்டையில் திருச்சபைச் சேகரக் கூட்டம் என்றால் ‘தலைமையுரை’ என்ற ஒற்றை வரிக்குள் ஒரு மணி நேரத்தைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அந்தச் சாமர்த்தியம் இவர்களுக்குக் கைவரவில்லை. பாட்டு, சிற்றுரை, போகிற குடும்பங்களை மேடைக்கு அழைத்தல், அப்புறம் ‘ஜெபம், தமிழில்’. அவர் பெயரைப் போடவில்லை, மொழியைத்தான் போட்டிருந்தார்கள். காலையில் அதைப் பார்த்தபோது பெருமையாகவே இருந்தது, தமிழையே மேடைக்கு அழைத்திருக்கிறார்கள், தான் அதற்கு ஒரு வாய் மட்டும் என்பது போல. இப்போது அந்த வாய் காய்ந்து கிடந்தது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கெய்ர்ன்ஸ் கடற்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் மலையேறி வந்தால் வருகிற மேட்டுநிலத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள், மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மிஷனெரி ஸ்தாபனம் தன் விமானங்களை நிறுத்துகிற கொட்டகை. இரண்டு சிறு விமானங்களைப் புல்லுக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தரையில் எண்ணெய்க் கறை. வெளியே யாரோ இறைச்சிக்கு வெங்காயம் வதக்கும் வாசனை. பக்தியும் பசியும் ஒரே கூரைக்குக் கீழே. வலப்பக்கம் மனைவி கிருபாவதி தெரியாத ஆங்கிலப் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள், வார்த்தை முடிந்த பிறகு அவள் உதடு முடிந்தது. இடப்பக்கம் மகன் லிவிங்ஸ்டன், மருமகள் பெர்சிஸ், அவள் மடியில் ஏழு வயது ஜோவானா. அவர் சட்டைப் பையில் ஒரு ஜெப அட்டை இருந்தது. பின்புறம் காந்தம் ஒட்டிய அட்டை, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து தினமும் ஜெபிக்க வேண்டுமாம். அது அவருடைய பேனாவின் கொக்கியைக் கவ்விக்கொண்டிருந்தது. விரலால் நெம்பி எடுத்தால் விட்டது, விரலை எடுத்தால் மறுபடி கவ்வியது. அதையே அவர் நாலைந்து தடவை செய்து பார்த்தார்.

அட்டையில் மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு சிறு விமானம். கீழே பெயர்கள், ‘பாப்புவா நியூகினி, மலைநாடு’, அடுத்த ஜனவரி முதல் நான்கு வருடம். லிவிங்ஸ்டன் விமானங்களைப் பழுதுபார்ப்பான், பெர்சிஸ் வேதத்தை அந்த ஊர் மொழிகளில் ஒலிப்பதிவு செய்கிற குழுவில் இருப்பாள், ஜோவானா குதிரைகளும் மாம்பழமும் பிடித்தவள். ஒரு பிழை இல்லை. வாழ்நாளில் ஒரு கல்யாண அழைப்பிதழைக் கூடப் பிழையில்லாமல் பார்த்திராதவர் அந்த அட்டையை மூன்று முறை வாசித்துவிட்டார், ஒரு காற்புள்ளி கூட இடம் மாறவில்லை, அது அவருக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு கவனமாக அச்சடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும், படம் எடுக்கப் போனபோது ஜோவானாவுக்குத் தலை வாரிவிட்டது யார், அந்த நீலச் சட்டை கிறிஸ்துமசுக்கு இவர் ஊரிலிருந்து அனுப்பியதல்லவா. விமானக் கம்பெனியில் ஒன்பது வருட வேலையை விட்டுவிட்டு அவன் நான்கு வருடம் மலைக்குப் போகிறான், அது இன்று மத்தியானம் வரை அவருக்குத் தெரியாது, இந்த மேட்டுநிலத்தில் அவர் இதுவரை பார்த்திராத யார் யாரோ வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குத் தெரியும்.

காலையில் மகன் வீட்டிலிருந்து காரில் வரும்போதுதான் அவன் சொன்னான், வளைவுகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, கண்ணாடியில் அவரைப் பார்க்காமல். மூணு மணிக்கு அனுப்புதல் ஆராதனை இருக்குப்பா, நீங்க தமிழ்ல ஒரு ஜெபம் பண்ணணும்னு கேக்காங்க என்று. யாரை அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கலாம். எத்தனை நிமிடம் என்று கேட்டார். மூன்று நிமிடம் என்றான். மூன்று நிமிடத்தில் என்ன ஜெபம் என்று அலுத்துக்கொண்டார், ஆனால் அதற்குள் மனசு முதல் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிட்டது, எந்த அடைமொழியை எங்கே வைத்தால் தாளம் விழும் என்று. யாரோ ஒரு வெள்ளைக்கார விமானி, சிவந்த காது, அவனுக்காகத் தமிழில் ஒரு ஜெபம் மலையெல்லாம் எதிரொலிக்கும் என்று நினைத்தார். பின் இருக்கையில் கிருபாவதி சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்தான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாரே. வேதத்தில் மகனைப் பலியிட மலையேறின அந்தப் பழைய தகப்பனை அவர் எத்தனை அனுப்புதல் ஜெபத்தில் இழுத்திருக்கிறார், பதினொன்று இருக்கும், விறகு, கத்தி, நெருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி; அன்று காலை அந்தப் பிள்ளையின் தாயிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள் என்று ஒரு தடவை கூட யோசித்ததில்லை. இன்று யோசித்தார். இன்று காலை பெர்சிஸ் இவருக்கு வைத்தது போல அவளுக்கும் இட்லி வைத்துக் கொடுத்திருப்பார்கள், இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

வந்து இறங்கியதும் எடை போட்டார்கள். விளையாட்டுக்குத்தான், இன்று யாரும் வந்து பார்க்கலாம் என்று ஊரையே கூப்பிட்டிருந்தார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்றன. மலைக்குள் இருக்கிற ஓடுதளங்களில் போதகரானாலும் பன்றியானாலும் எடை போடாமல் ஏற்றுவதில்லையாம், ஒரு கிலோ கூடினாலும் விமானம் மரத்தை உரசும் என்று ஒரு இளைஞன் சிரித்துக்கொண்டே விளக்கினான். சற்குணம் அறுபத்தொன்று, செருப்போடு. ஜோவானா இருபத்திரண்டு. அந்த எண்ணை ஒரு சின்னச் சிலேட்டில் சாக்பீசால் எழுதி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், இறைச்சிக் கடையில் தொங்கவிடுகிற மாதிரி என்று தோன்றி உடனே அந்த உவமையை அடித்தார். அப்புறம் மொழிபெயர்ப்புக் கூடாரம். அங்கே ஒரு வயதான அம்மாள், முழங்கால் வரை கால்சட்டை, முப்பத்தொரு வருடம் ஒரே மொழியில் வேதத்தைப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அந்த மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், இரண்டாயிரத்து நானூறு என்றாள். அச்சடித்த புத்தகத்தை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டார், குத்தலாகத்தான் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, நூற்றிருபது பேர் இருக்கலாம், மழைக்காலத்தில் குறையும் என்றாள். அவளை அவருக்குப் பிடித்துப்போனது. தானும் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவன், அதைக் கேட்டவர்கள் நூற்றிருபது பேர் தேறமாட்டார்கள், அதற்கு மழையும் காரணமில்லை என்று சொல்ல நினைத்தார். அந்த நல்ல மனநிலையில்தான் வெளியே வந்து, வாசலில் மேசை மேல் வரிசையாகப் பரப்பியிருந்த ஜெப அட்டைகளைப் பார்த்தார். தங்கமுடிக் குடும்பம், தங்கமுடிக் குடும்பம், தாடிக்காரனும் நான்கு பிள்ளைகளும், பிறகு லிவிங்ஸ்டன்.

என்ன ஆனது என்று கேட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காதில் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், திருடுகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. கிருபாவதி பார்த்துவிட்டாள். மே மாதமே தெரியும் என்றாள், கேட்காமலே. நீங்க சேகரக் கமிட்டிக்குப் போயிருந்தீங்க, அவன் கூப்பிட்டான், சொன்னான், அழுதேன், அப்புறம் ஜெபம் பண்ணுனோம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு அவள் கோபப்படவுமில்லை. “சொன்னா நீங்க பேசியே கொன்னுருவீங்கன்னு பயந்தான்” என்றாள். பேசுவது ஒரு குற்றம் போல. பேசிப் பேசித்தானே அவனைப் படிக்கவைத்தது, பேசித்தானே பெர்சிஸ் வீட்டில் சம்மதம் வாங்கியது. லிவிங்ஸ்டன் அப்போது ஒரு விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், அவர் சட்டைப் பையைப் பார்த்தான். நல்லா அச்சடிச்சிருக்காங்க என்றார் சற்குணம். அதைவிட மோசமான ஒன்றை அவரால் அந்த நேரத்தில் யோசிக்க முடியவில்லை. அவன் ரொம்ப நேரம் கையையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், முப்பத்தொன்பது வயதுக்காரன், ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையை நீட்டுகிற குரலில்: “கையெழுத்துப் போட்டாச்சுப்பா. ஆனா நீங்க ஜெபம் பண்ணி அனுப்பலேன்னா நான் போகல. அது உங்களுக்குத் தெரியும்.” தெரியும். அவர்கள் குடும்பத்தில் மதுரைக்குப் பஸ் ஏறுகிறவன் கூட முழங்கால் போட்டு, வீட்டில் மூத்தவர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் செருப்பை மாட்டுவான். அவன் கல்லூரிக்குப் போனபோதும், இந்த நாட்டுக்கு வந்தபோதும், ஜெபித்து அனுப்பியது அவர்தான். அது ஒரு பழக்கம் என்று அவர் நினைத்திருந்தார். அது ஒரு பூட்டு என்றும் சாவி தன் கையில்தான் இருக்கிறது என்றும் இன்று மத்தியானம் ஒன்றே முக்காலுக்குத்தான் தெரிந்தது.

பாட்டு முடிந்து சிற்றுரை தொடங்கியிருந்தது. பேசுகிறவர் உயரமான ஆள், இந்த ஸ்தாபனத்தின் தலைவர், முன்னாள் விமானி, சைகை காட்டினால் கையே சிறகு மாதிரி விரிகிறது. சற்குணத்துக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும், புரியாமல் இருந்தால் தேவலை. அனுப்புகிறவர்களின் தியாகம் என்று அவர் சொன்னார். அனுப்புகிறவர்கள். சேகரத்து மிஷனெரி ஜெபக்குழுவுக்குப் பதினெட்டு வருடம் காரியதரிசியாக இருந்தவர் சற்குணம். பதினெட்டு வருடத்தில் பதினெட்டுப் பேர், வருடத்துக்கு ஒருவர் என்று விளைச்சல் மாதிரி வடக்கே அனுப்பிவைத்திருக்கிறார். ரயிலடியில் அவர் ஜெபித்தால் சுமை தூக்குகிறவன் தலைப்பாகையை எடுத்துவிட்டு நிற்பான். தாய்மார் அழுவார்கள், அவர் குரல் உடையாது, உடையாத குரல்தான் அழவைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ ஏசுவடியான், தையல்காரர் மகன், இருபத்தாறு வயது, ஒரிசாவில் காட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம், பதினான்கு மாதத்தில் மூளைக் காய்ச்சல். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அவன் அம்மா பூரணம் அதை எடுத்துக்கொண்டு இவர் வீட்டுக்கு வந்தாள், வாசிச்சுச் சொல்லுங்க சார் என்று. ஆறு கரை புரண்டதால் நான்கு நாள் வண்டி வரவில்லை, நான்கு நாளும் அவன் கத்திக்கொண்டே இருந்தான் என்று கடிதத்தில் இருந்தது. தூக்கத்திலேயே சமாதானமாகப் போயிட்டான்மா என்று வாசித்தார். நல்ல தமிழில்தான் வாசித்தார். உடல் வரவில்லை. கோயில் காம்பவுண்டில் ஒரு கல் மட்டும் வைத்தார்கள், வாசகம் நீங்கதான் சார் எழுதணும் என்று அவளே கேட்டாள், எழுதினார். கல்தச்சன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான் என்று அவனோடு அரைமணி நேரம் சண்டை போட்டு மறுபடி கொத்த வைத்தார், பூரணம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தாள், அவள் எழுத்துக்கூட்டத் தெரியாதவள், அவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று கூட அவளுக்குப் புரிந்திருக்காது. வெயில். உளிச் சத்தம். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான், குற்றம் சொல்லாமல், ஊர்ச் செய்தி விசாரிக்கிற மாதிரி: உங்க பையன் என்ன படிக்கான் சார்? எட்டாம் வகுப்பு என்றார். நல்லாப் படிக்கட்டும் என்றாள். அவ்வளவுதான். அதில் சாபம் இல்லை. சாபம் இல்லை என்று அவர் இருபத்தைந்து வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லாத ஒன்றை எதற்கு இத்தனை தடவை இல்லை என்று சொல்ல வேண்டும்.

போதாதற்கு அந்தத் திரைப்படம் வேறு. மத்தியானம் ஒரு இருட்டறையில் காட்டினார்கள். மலைச்சரிவில் வெட்டின ஓடுதளம், மேல்நோக்கிச் சாய்ந்தது, அதன் முடிவில் பாறைச் சுவர். இறங்குகிற விமானி ஒரு இடம் வரைக்கும்தான் மனசை மாற்றிக்கொள்ளலாமாம், அந்த இடத்தைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும், திரும்ப மேலே எழும்ப இடம் கிடையாது. லிவிங்ஸ்டன் விமானி இல்லை, பழுதுபார்க்கிறவன் என்று அவர் தனக்குச் சொன்னார். பழுதுபார்த்தவனையும் கூட ஏற்றிக்கொண்டுதான் சோதித்துப் பார்ப்பார்கள் என்று உடனே பதில் வந்தது. ஜோவானா பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவாள், விமானத்தில் போவாள், இருபத்திரண்டு கிலோ. காய்ச்சல் வந்தால், விமானம் வரும், மேகம் மூடினால், மூடினால் வராது, எத்தனை நாள் வராது. நான்கு நாள். மனசு மறுபடி மறுபடி அந்த நான்கிலேயே வந்து முட்டியது, கூண்டுக்குள் போட்ட அணில் மாதிரி சுற்றிவந்து அதே கம்பியில். சரி, என்ன செய்யலாம். எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று. அப்போது அவன் போகமாட்டான், சொன்ன வார்த்தைக்கு நிற்கிறவன், வாழ்நாள் முழுவதும் இவரைப் பார்க்கும்போதெல்லாம் போகாத அந்த இடத்தைப் பார்ப்பான். அல்லது பழைய ஜெபத்தையே எடுத்து விடலாம், பத்தொன்பதாவது தடவை, நாக்குக்கு வழி தெரியும். அது பொய். பதினெட்டுத் தடவை அது பொய்யாக இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, அவரே கேட்டுக்கொண்டார். அல்லது உண்மையைச் சொல்லலாம். இந்த முந்நூறு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர், நான்கும் அவர் வீட்டு ஆட்கள், கடவுளையும் சேர்த்தால் ஐந்து. மீதிப் பேருக்கு அது மழைச் சத்தம். போக வேண்டாம் என்று ஒரு தகப்பன் கெஞ்சினால் முந்நூறு பேரும் தலை குனிந்து ஆமென் சொல்வார்கள். அந்த நினைப்பில் ஒரு கெட்ட குதூகலம் இருந்தது, பரீட்சைத் தாளில் யாருக்கும் விளங்காத கேள்வியை வைக்கிற வாத்தியாரின் குதூகலம், அதை அவர் தன்னிடம் கண்டு வெட்கப்பட்டார், ஆனாலும் அதைக் கையை விட்டு இறக்கிவைக்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். லிவிங்ஸ்டனும் பெர்சிசும் மேடையில் முழங்கால் போட்டார்கள், ஜோவானா நடுவில், நிற்பதா முழங்கால் போடுவதா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் மடித்துக்கொண்டு. மேடை என்றால் ஒரு அடி உயரப் பலகை. ஏறும்போது கிருபாவதி அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள், பிடியில் கொஞ்சம் அதிக அழுத்தம் இருந்தது, அது வேண்டுதலா மிரட்டலா என்று அவருக்கு விளங்கவில்லை. மகன் தலையில் கை வைத்தார். உச்சியில் முடி கொட்டியிருந்தது. எப்போது கொட்டியது? காணொளி அழைப்பில் முகம்தான் தெரியும், உச்சி தெரியாது. சூடாக, வழுவழுவென்று, உள்ளங்கை அளவு. அதுவரை எதைச் சொல்வதென்று முடிவு செய்யாமல்தான் இருந்தார். “பரலோகப் பிதாவே, இரக்கங்களின் தகப்பனே, உம்முடைய சமுகத்தில் எங்களைத் தாழ்த்தி வருகிறோம்” என்று நாக்கு தானாகப் புறப்பட்டு, அங்கேயே நின்றது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது. “ஆண்டவரே, இவன் என் ஒரே மகன். இவனை நான் அனுப்பவில்லை. பதினெட்டுப் பேரை நான் அனுப்பினேன். அவர்கள் என் பிள்ளைகள் இல்லை, அதனால் எனக்கு நன்றாக ஜெபிக்க வந்தது. அதற்காக நீர் ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் என்னைப் பிடியும். இவனையும் இந்தக் குழந்தையையும் அந்த மலைக்குக் கொண்டுபோகாதேயும். வழியை அடைத்துப்போடும். எனக்குப் பயமாக இருக்கிறது. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே.” கடைசியில் கேட்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பழக்கத்தில் கேட்கிறோம் என்று வந்துவிட்டது, அந்தப் பன்மைக்குள் முந்நூறு பேரும் வந்து நின்றுகொண்டார்கள். ஆமென் என்றார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. அவர் கைக்குக் கீழே அந்த வழுக்கை அசையவே இல்லை.

நிகழ்ச்சித் தாளில் அதற்குப் பிறகு தேநீர் என்றுதான் இருந்தது. ஆனால் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் ஏதோ ஒன்று நடந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும் என்றார். மொழிபெயர்ப்புக்காகவே இருக்கிற ஒரு ஸ்தாபனத்தில் இதை இப்படியே விட்டுவிட முடியாதல்லவா என்றார், கூட்டம் சிரித்தது. லிவிங்ஸ்டன், உன் தகப்பனார் என்ன ஜெபித்தார் என்று எங்களுக்குச் சொல்வாயா. சற்குணம் நிகழ்ச்சித் தாளை நினைத்துக்கொண்டார். இது தாளில் இல்லை. தாளில் இல்லாததை இவர்கள் செய்யமாட்டார்கள் என்றுதானே. லிவிங்ஸ்டன் முழங்காலிலிருந்து எழுந்தான், ஒரு கையை ஊன்றி, அவரைப் பார்க்காமல். மைக்கை வாங்கி அதன் வலையைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான், ஒவ்வொரு வாக்கியமாக, நிதானமாக. இவன் என் ஒரே மகன் என்று அப்பா சொன்னார். இவனை நான் அனுப்பவில்லை, ஆண்டவரே, நீரே அனுப்புகிறீர். பதினெட்டுப் பேரை நான் அனுப்பினேன், அவர்கள் என் பிள்ளைகள் இல்லை, இன்றைக்கு என் பிள்ளையைத் தருகிறேன். ஒருவரைப் பிடித்து வழிநடத்த வேண்டுமானால் முதலில் என்னைப் பிடித்து நடத்தும். இவனும் இந்தக் குழந்தையும் அந்த மலையில் இருக்கும்போது ஆபத்து வருகிற வழியை அடைத்துப்போடும். அங்கே நிறுத்தினான். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் அப்பா சொன்னார் என்றான், அதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல்.

வாக்கியங்கள் வரிசை மாறவில்லை. சில இடத்தில் சேர்த்திருந்தான், சில இடத்தில் வெட்டியிருந்தான், ஒட்டுத் தெரியவில்லை. சேர்த்த இடங்கள் நல்ல இடங்கள், தானே செய்திருந்தாலும் அங்கேதான் சேர்த்திருப்பேன் என்று சற்குணத்தின் உள்ளே ஒரு வாத்தியார் சொன்னார், அந்த வாத்தியாரை அவருக்கு அப்போது கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. கூட்டம் அழுதது. கால்சட்டை அம்மாள் மூக்கைச் சிந்தினாள். லிவிங்ஸ்டன் இப்போதுதான் அவரைப் பார்த்தான், முகம் வெளுத்திருந்தது. அதில் மன்னிப்பு கேட்கிற பாவனை இல்லை. மைக்கை அணைக்காமல் அவர் பக்கம் கொஞ்சம் நீட்டினாற்போல பிடித்திருந்தான், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது போல. அவருக்கு ஆங்கிலம் வரும். ஒரே வாக்கியம் போதும்: என் மகன் பொய் சொல்கிறான். முந்நூறு பேர் முன்னால், அவன் மனைவி முன்னால், பிள்ளை முன்னால், அவனோடு வேலை செய்யப்போகிறவர்கள் முன்னால். வேதத்தை மலைகளுக்குக் கொண்டுபோகிறவன் முதல் நாளே தகப்பன் ஜெபத்தைப் புரட்டினான். ஒரே வாக்கியம், அவன் போகமாட்டான், போக விடமாட்டார்கள். அவர் பெற்ற பிள்ளை அந்த மலையில் சாகமாட்டான், இந்தப் பலகை மேலேயே செத்துவிடுவான். மைக்கை வாங்க அவர் கை எழுந்தது. எழுந்த கையால் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தார். பிறகு தலைவர் வந்து கட்டிக்கொண்டார், எலும்பு நொறுங்குகிற மாதிரி, சோப்பு வாசனையோடு, அதற்குமேல் யாராலும் எதையும் சொல்ல முடியாதபடி.

இறங்கி நாற்காலிக்கு வந்தபோது எல்லாரும் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். யார் யாரோ வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார்கள். கிருபாவதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழுகிறாளா என்று கேட்கத் துணிவில்லை. லிவிங்ஸ்டன் மேடையிலேயே, யாரோ முதுகில் தட்ட, தலையாட்டிக்கொண்டு நின்றான். ஜோவானா மட்டும் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்தாள், கழுத்தில் இருபத்திரண்டு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காணொளியில் ஒரு மணி நேரம், மூன்று வருடமாக, அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான். முழு வாக்கியமாகப் பேசினால்தான் பதில் சொல்வார். அவள் முழு வாக்கியமாகவே பேசினாள், ரகசியம் பேசத் தெரியாத குரலில். “தாத்தா, அப்பா தப்பாச் சொல்லிட்டாங்க. நீங்க போக வேண்டாம்னுதானே சொன்னீங்க?” பின்னால் வந்துகொண்டிருந்த பெர்சிஸ் அப்படியே நின்றாள். கையில் இரண்டு காகிதக் கோப்பை, ஒன்றிலிருந்து தேநீர் அவள் விரலில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. அவள் அவரைப் பார்க்காமல் பிள்ளையின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மாள் அந்தத் தமிழைக் கேட்டு, எவ்வளவு அழகு என்று சொல்லிச் சிரித்தாள். சற்குணம் குனிந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“இல்லம்மா” என்றார். “அப்பா சரியாத்தான் சொன்னான்.”

அவள் அவரை நம்பவில்லை. அவர் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார் என்று அவர் சொன்னால் நோட்டைப் பார்ப்பாளே அப்படி. பிறகு பெரியவர்கள் சொல்லிவிட்டால் அவ்வளவுதான் என்கிற முடிவுக்கு வந்தவளாக, தோளைக் குலுக்கி, கழுத்துச் சிலேட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“அப்ப நாங்க போலாமா தாத்தா?”

பெர்சிஸின் விரலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கிருபாவதி தலைப்பை முகத்திலிருந்து இறக்கினாள்.

“போலாம்” என்றார் சற்குணம்.